துப்பாத ஒரு வாய்

பெட்ஃபோர்டில் மாடியறை, வடக்குச் சன்னல் வெளிச்சம்.
காலை எட்டரைக்குள் அறுபது கோப்பை வரிசை கட்டி நிற்கும்.
உறிஞ்சு, உருட்டு, துப்பு.
பதினாறு வருடமாய் என் நாக்கு
அடுப்பு தீய்த்ததா, புளிப்பு கூடியதா,
மூட்டையில் ஈரம் ஏறியதா
எல்லாம் சொல்லும்.
போன ஆடியிலும் தப்பாமல் சொன்னது.
பிடித்ததா என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் கவனிக்கவே இல்லை.
தவசிதான் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டான்:
"நல்ல தூள் வந்தா கண்ணச் சுருக்குவீங்களேக்கா,
இப்பல்லாம் காணோமே?"

டாக்டர் சுகுணா போஜனின் மேசைமேல்
ரப்பர் மூளை ஒன்று. நடுவில் பிளந்து காட்டினார்.
வேண்டும் என்பது ஒரு பாதையாம்,
பிடிக்கிறது என்பது வேறு இடமாம்.
டோபமினை எல்லாரும் இன்பம் என்கிறார்கள்,
அது இன்பத்தை நோக்கிக் கை நீட்ட வைப்பது மட்டும்தானாம்.
பிடித்தல் நடக்கும் இடமோ மிகவும் சின்னது,
"உங்கள் தேயிலைத் தூளில் ஒரு சிட்டிகை" என்றார்.
"டஸ்ட்டா, ஃபேனிங்ஸா?" என்று கேட்டேன்.
அவர் சிரித்தார்.
நான் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

வெள்ளை மாத்திரை. முதல் வாரம் பாதி உடைத்து.
"இன்றைக்கே வேலை செய்யாதா?"
"மருந்து இன்றைக்கே ஏறிவிடும்.
நரம்புகள் அதற்குப் பழகத்தான் மூன்று நாலு வாரம்.
ஏன் அவ்வளவு நாள் என்று
எங்களுக்கே முழுசாய்த் தெரியாது."
அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான்
மாத்திரையை விழுங்கினேன்.

குமட்டியது.
செரட்டோனின் தலையில் இருப்பதைவிடக்
குடலில்தான் பல மடங்காம்.
சரக்கு வந்து இறங்கியதற்கு
வயிறு முதல் ரசீது கொடுத்தது.

மூடுபனியை என் மனசுக்கு உவமை சொல்லாதீர்கள்.
குன்னூரில் அது வெறும் வானிலை.
துணி காயாது, பஸ் லேட்டாகும், அவ்வளவுதான்.
எனக்கு இருந்தது அதற்கு நேரெதிர்:
லாம்ஸ் பாறைக்கு அப்பால் சமவெளி முழுக்கத்
துல்லியமாய்த் தெரிந்தது,
ஒவ்வொரு தகரக் கூரையும் தெரிந்தது,
ஒன்றுகூட என்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாம் வாரம் முதலில் திரும்பி வந்தது கோபம்.
ராத்திரி காட்டுமாடு வேலியை மிதித்துப்போட்டு
நான் வைத்த பீன்ஸ் அத்தனையும் தின்றுவிட்டுப் போயிருந்தது.
குளம்புத் தடத்தில் தண்ணீர்கூட இன்னும் கலங்கல்.
"நாசமாப் போற மாடே!"
சோலை வரைக்கும் கேட்டிருக்கும்.
கத்தி முடித்ததும் சுற்றிப் பார்த்தேன்,
யார் கத்தியது என்று.
டாக்டருக்குப் போன் போட்டேன்.
"நல்ல செய்தி" என்றார்.
"மாடு தின்றதா?"
"நீங்கள் கத்தியது."

பிறகு மார்கழி, உறைபனி.
கோத்தகிரிப் பக்கத்துச் சின்ன ஆலை,
விற்பனைப் பட்டியலில் முப்பத்தொன்று.
வழக்கமாய் நான் நின்று பார்க்காத பெயர்.
எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வந்தால்
மூளை வாயைத் திறக்காதாம்,
கொஞ்சம் மிஞ்சி வந்தால்தான் அதற்குள் ஒரு பொறி.
கரண்டி ஏறியது. உறிஞ்சினேன். உருட்டினேன்.
பனி கடித்த கொழுந்து.
பச்சைக் கட்டையை வெட்டிய வாசனை,
அடியில் ஏதோ பூ, பெயர் வரவில்லை.

தொட்டி காலடியில்தான் இருந்தது.
அது தொண்டையில் இறங்கிவிட்டது.

தவசி குழாயை நிறுத்தினான். ஒன்றும் கேட்கவில்லை.
மதிப்பீட்டுப் புத்தகத்தில் கிலோவுக்கு
ஒன்பது ரூபாய் கூடப் போட்டேன்,
பிறகு மனசாட்சிக்காக
இரண்டைக் குறைத்தேன்.

முப்பத்திரண்டு சுமார். துப்பினேன்.
முப்பத்துமூன்று தீய்ந்த சரக்கு. அதையும் துப்பினேன்.
தீய்ந்தது என்று தெரிந்தது.
அதோடு,
பிடிக்கவும் இல்லை.